பனிக்காலத்துக் கரைவலை

உரைநடை உலகம்

நுழையும்முன்

கடலுக்குள் சென்று மீன் பிடிப்பதை அனைவரும் அறிவர். கரையில் நின்றவாறே கடல்மீனைப் பிடிக்கும் முறையும் தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. அதற்குத் தனியொருவரின் வலிமையைவிடப் பலர் கூடி இழுக்கும் ஒற்றுமையே முதல் தேவை. வாடைக்காற்று வீசும் பனிக்காலத்தில் கடலோர ஊர்களின் அடுப்பு அணையாமல் காத்தவற்றுள் ஒன்று கரைவலை. அவ்வலையின் இயல்பையும், அதற்கு இடந்தந்த கடற்கரையின் இன்றைய நிலையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நெய்தலும் ஆறு பெரும்பொழுதும்

பழந்தமிழர் ஓர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். முல்லைக்குக் காரும், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரியவை என்றனர். நெய்தலுக்கோ ஆறு பெரும்பொழுதுகளும் உரியவை. கடலை நம்பி வாழ்வோர்க்கு ஆண்டு முழுவதும் தொழில் உண்டு. பருவத்திற்கேற்பத் தொழிலின் முறைதான் மாறும்.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலம். வடகிழக்குப் பருவமழை பொழியும் காலமும் இதுவே. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுநிலைகள் தோன்றுகின்றன. அவற்றுள் சில புயலாக வலுப்பெறுகின்றன. கடல் கொந்தளிக்கும் நாள்களில் படகுகள் மேட்டுமணலுக்கு இழுத்துவைக்கப்படும். கடலுக்குச் செல்ல இயலாத அந்நாள்களில் கையிருப்பு கரையும்; கடன் வளரும். மார்கழியின் பிற்பகுதியில் மழை ஓயத் தொடங்குகிறது. அலையும் மெல்லத் தணிகிறது. ஆயினும் பனியும் வாடையும் நிற்பதில்லை. அலை தணிந்த இத்தகைய பனிக்காலக் காலைகளே கரைவலைக்கு ஏற்றவை.

குளிரும் கடல்நீரும்

தை மாதத்து அதிகாலையில் சென்னையின் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்கும். மலைநாட்டவர்க்கு இது குளிரே அன்று. ஆனால், நனைந்த உடலோடு வாடைக்காற்றில் நிற்பவரின் நிலை வேறு. தோலின்மேல் படிந்த நீர் ஆவியாகும்போது உடலின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. காற்று வீச வீச நீர் விரைந்து ஆவியாகும், குளிரும் மிகும்.

நிலம் விரைவில் சூடாகி விரைவில் குளிரும். கடல் மெல்லச் சூடாகி மெல்லக் குளிரும். எனவே, பனிக்கால வைகறையில் கரைக்காற்றைவிடக் கடல்நீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. மார்பளவு நீரில் நிற்பவர்க்குக் குளிர் தெரிவதில்லை. கரையேறிய பின்னரே உடல் நடுங்குகிறது. வலையிழுக்கும் கரையில் ஓலையையும் சுள்ளியையும் கூட்டித் தீ மூட்டுவது இதனால்தான். கயிற்றை விட்டு வந்தவர் சிறிதுநேரம் கைகளைக் காய்ச்சிக்கொண்டு மீண்டும் கயிற்றுக்கே திரும்புவார்.

கரை தேடி வரும் மீன்கள்

மழைக்காலத்தில் பாலாறு, தென்பெண்ணை, கொள்ளிடம், காவிரி முதலிய ஆறுகள் பெருக்கெடுத்துக் கடலில் கலக்கின்றன. மணல்மேடு இட்டு மூடியிருந்த முகத்துவாரங்களை வெள்ளம் உடைத்துத் திறக்கிறது. நிலத்தின் சத்துகள் நீரோடு கடலை அடைகின்றன. அவற்றைக் கொண்டு நுண்ணிய மிதவை உயிரிகள் பெருகுகின்றன. அவற்றை உண்ணச் சிறுமீன்கள் கூட்டமாக வருகின்றன. சிறுமீனைத் தேடிப் பெருமீன்கள் பின்தொடர்கின்றன. நெத்திலி, சாளை, கவலை, காரல் ஆகியவற்றோடு வாளை, பாரை, கானாங்கெளுத்தி போன்றவையும் கரைவலையில் அகப்படுவதுண்டு.

மீன்கூட்டத்தைக் கண்டறிவது பட்டறிவு சார்ந்த கலை. நீரின் நிறம் ஓரிடத்தில் மட்டும் கருத்துத் தோன்றும். காற்றில்லாத இடத்திலும் நீர்ப்பரப்பில் நுண்ணலை துடிக்கும். ஆலாப் பறவைகள் ஒரே இடத்தில் வட்டமிட்டுப் பாய்ந்து எழும். இவற்றையெல்லாம் மணல்மேட்டில் நின்று நோக்கிக் கூறுபவர் பெரும்பாலும் ஊரின் முதியவரே. அலையை எதிர்த்துப் படகு தள்ளும் வலிமை அவர் தோளில் இல்லாமல் போகலாம். நாற்பது ஆண்டுகள் கடலைப் படித்த கண்கள் அவரிடம் உள்ளன.

காற்றோடு நீரோட்டத்தையும் அறிதல் வேண்டும். தென்பகுதி மீனவர் இதனை நீவாடு என்பர். நீரோட்டம் கடுமையாக இருப்பின் வலை ஒருபக்கமாக இழுத்துச் செல்லப்படும். ஆகவே, வலையை எங்கே இறக்குவது, எங்கே கரையேற்றுவது என்பதை நீரோட்டமே முடிவு செய்கிறது.

வலையின் அமைப்பு

கரைவலை இடத்திற்கேற்பப் பெயர் பெறுகிறது. சென்னையை ஒட்டிய ஊர்களில் பெரிய வலை எனவும், குமரிக் கடற்கரையில் கரமடி எனவும் வழங்குகிறது. ஈழத்துத் தமிழரும் கரைவலை என்றே அழைக்கின்றனர்.

இவ்வலை மூன்று உறுப்புகளைக் கொண்டது. நடுவில் பை போன்ற மடி. மடியின் இருபுறமும் இறக்கைபோல் விரியும் நீண்ட வலைப்பரப்பு. அவற்றின் முனைகளில் பிணைத்த நெடுங்கயிறுகள். கயிறுகள் ஒவ்வொன்றும் பலநூறு மீட்டர் நீளமுடையவை. இறக்கையின் புறமுனையில் வலைக்கண்கள் பெரியனவாக இருக்கும். மடியை நெருங்க நெருங்க அவை சிறுத்துக்கொண்டே வரும். மேல்விளிம்பில் மிதவைகளும் கீழ்விளிம்பில் எடைக்குண்டுகளும் கோக்கப்பட்டிருக்கும். இதனால் வலை நீருக்குள் சுவர்போல் நிமிர்ந்து நிற்கிறது.

முற்காலத்தில் வலை பருத்தி நூலாலும் சணல் நாராலும், கயிறு தென்னைநாராலும் ஆயின. அவை உப்புநீரில் இற்றுப்போகாதிருக்க அடிக்கடி உலர்த்தப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நைலான் நூல் பரவியது. வலை இலேசானது, நெடுநாள் உழைக்கும் தன்மையும் பெற்றது.

தெரிந்து தெளிவோம்

மரங்களைக் கயிற்றால் பிணைத்துச் செய்யும் மிதவைக் கலம் கட்டுமரம். இத்தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தில் கேட்டமரான் எனத் திரிந்து வழங்குகிறது. இன்று அச்சொல் இரட்டை உடலமைப்புக் கொண்ட படகைக் குறிக்கிறது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலைக்குப் பின்னர்த் தமிழகக் கடற்கரையில் கட்டுமரங்கள் பெரிதும் குறைந்து, கண்ணாடியிழைப் படகுகள் பெருகின.

வலை வளைத்தலும் இழுத்தலும்

முதல் கயிற்றின் முனை கரையில் நிற்போர் கையில் இருக்கும். மறுபுறம் வலையை ஏற்றிய படகு அலையைக் கடந்து செல்லும். கயிற்றை விட்டபடி ஆழம் நோக்கிச் சென்று, பின்னர்க் கரைக்கு இணையாகத் திரும்பி, வலையை அரைவட்டமாக இறக்கும். இறுதியில் இரண்டாம் கயிற்றின் முனையோடு சற்றுத் தொலைவில் கரை சேரும். இப்போது கடலின் ஒரு பகுதி வலைக்கும் கரைக்கும் இடையே வளைக்கப்பட்டுவிட்டது.

பின்னர் இரண்டு அணிகள் இரண்டு கயிறுகளையும் இழுக்கத் தொடங்குகின்றன. வலையின் அளவிற்கேற்ப இருபது பேர் முதல் நாற்பதுக்கும் மேற்பட்டோர் வரை தேவைப்படுவர். குதிகாலை மணலில் ஊன்றி, உடலின் எடை முழுவதையும் கயிற்றில் சாய்த்துப் பின்னோக்கி அடியெடுத்து வைப்பர். கயிற்றின் கடைசியில் நிற்பவர் மேட்டுமணலை அடைந்ததும் கயிற்றை விட்டுவிட்டு, நீர்விளிம்புக்கு நடந்து சென்று முதல் ஆளாகக் கயிற்றைப் பற்றுவார். அவரை அடுத்தவரும் அவ்வாறே செய்வார். கடைசியில் நின்றவர் முதல்வராகவும், முதலில் நின்றவர் கடைசியாகவும் மாறிக்கொண்டே இருப்பர். நிலையான முதலிடம் எவர்க்கும் இல்லை.

இழுப்பவர் ஒரே நேரத்தில் மூச்சையும் வலுவையும் சேர்க்காவிடில் கயிறு அசையாது. அதற்குப் பாட்டு துணைசெய்கிறது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் ஏலேலோ என ஒலித்து இழுப்பர். ஈழத்து மீனவர் இவ்வகைப் பாட்டை அம்பா என்பர். பாட்டின் தாளமே வேலையின் அளவுகோல். இழுப்பு கடுமையானால் தாளம் தாழும். வலை இளகி வந்தால் தாளம் விரையும்.

நேரம் செல்லச் செல்ல இரண்டு அணிகளும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. நீரோட்டம் வலையைத் தள்ளும் திசையில் அவர்களும் கரையோரமாக நகர்கின்றனர். வலையின் முன்பகுதி கரையை நெருங்கியதும் சிலர் நீரில் இறங்குவர். கீழ்விளிம்பு தரையைவிட்டு மேலெழாதபடி காலால் அழுத்துவர். இடைவெளி நோக்கி ஓடும் மீன்களை நீரைத் தட்டி மடியின் பக்கம் திருப்புவர். இரண்டு, மூன்று மணி நேர உழைப்பின் பயன், இறுதியாகக் கரையேறும் மடிக்குள் இருக்கிறது. சில நாள்களில் மடி வெள்ளியாய் மின்னும். சில நாள்களில் பாசியும் சொறிமீனும் மட்டுமே மிஞ்சும்.

கயிறு பற்றியவர்க்குப் பங்கு

கிடைத்த மீன் ஏலம் விடப்படும். வலைக்கும் படகுக்கும் உரியவரின் பங்கு முதலில் பிரிக்கப்படும். எஞ்சியது இழுத்தவரிடையே பகிரப்படும். பங்கின் அளவு ஊருக்கு ஊர் மாறினாலும், கயிறு பற்றியவர்க்குப் பங்கு உண்டு என்பது பொதுநெறி. பங்கோடு, அன்றைய குழம்புக்கென ஒரு கை மீனும் கிடைப்பதுண்டு.

இந்நெறியின் சிறப்பு பனிக்காலத்தில் நன்கு புலனாகும். ஆழ்கடலுக்குப் படகில் செல்ல இளமையும் உடல்நலமும் வேண்டும். முதுமையால் தளர்ந்தவர், நோயிலிருந்து மீண்டவர், சொந்தப் படகு இல்லாதவர், புயலில் வலையை இழந்தவர் ஆகியோர்க்குக் கரைவலையின் கயிறு திறந்தே இருந்தது. மழைக்காலம் முழுவதும் வருவாயின்றி இருந்த வீட்டுக்கு அந்தப் பங்கு உலையில் இடும் அரிசியானது. கொடை வாங்கும் கூச்சமும் அவர்க்கு இல்லை. தம் கையால் இழுத்துப் பெற்ற உரிமை அது.

ஓர் ஊரில் பல கரைவலைகள் இருப்பின், யார் எப்போது வலை இறக்குவது என்னும் வினா எழும். அதனை ஊர்ப் பஞ்சாயத்து முறைவைத்துத் தீர்த்தது. இன்று ஒருவர்க்கு நல்ல இடம் கிடைத்தால் நாளை மற்றவர்க்குக் கிடைக்கும். வேலியும் பட்டாவும் இல்லாத கடலை அடித்துக்கொள்ளாமல் பகிர்ந்துகொள்ள அவ்வூரார் கண்ட வழி இது.

பாடு என்னும் சொல்

கடலோர மக்களின் மொழியில் பாடு என்னும் சொல் பொருள்வளம் மிக்கது. வலையில் கிடைத்த மீன் மீன்பாடு எனப்படும். ஈழத்தில் கரைவலை இழுப்பதற்குரிய கரைப்பகுதி கரைவலைப்பாடு ஆகும். உழைப்பும் துன்பமும் பாடு என்றே பொதுவழக்கில் சுட்டப்பெறும். நெய்தலின் சிறுபொழுதான எற்பாட்டிலும் இச்சொல் உள்ளது. எல் என்பது ஞாயிறு; பாடு என்பது மறைதல். உழைக்கும் இடம், உழைப்பு, உழைப்பின் பயன், உழைப்பு ஓயும் பொழுது ஆகிய நான்கையும் ஒரே சொல்லால் உணர்த்த இயல்வது தமிழின் வளம். இவற்றுள் இடமாகிய பாடு இல்லையேல், பயனாகிய பாடும் இல்லை.

எண்ணிப் பார்க்க வேண்டியவை

கரைவலையிலும் குறைகள் உண்டு. மடியின் வலைக்கண்கள் மிகச் சிறியனவாயின் வளராத மீன்குஞ்சுகளும் அகப்படுகின்றன. இன்று குஞ்சுகளை அள்ளினால் நாளை கடலில் மீன் குறையும். இனப்பெருக்கக் காலத்தில் மீன்வளத்தைக் காக்கும் பொருட்டுத் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை உள்ளது. பாரம்பரியக் கலங்களுக்கு இத்தடை பொருந்தாது. சட்டம் விலக்களித்தாலும், குஞ்சுகளைத் தப்பவிடும் அளவுக்கு வலைக்கண்ணைப் பெரிதாக வைப்பது மீனவரின் எதிர்கால நலனுக்கே உகந்தது.

பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிடக் கரையேறுவதும் பனிக்காலத்தை ஒட்டியே. அவை சிலவேளை கரைவலையில் சிக்குகின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கிறது. கரைவலை கண்ணெதிரே மெல்லக் கரையேறுவதால், சிக்கிய ஆமையை உயிரோடு கடலில் விடுவதற்கு இங்கு வாய்ப்பு மிகுதி.

கரை சுருங்குகிறது

கரைவலைக்கு நேர்ந்துள்ள பெரிய இடர் கடலிலிருந்து வரவில்லை, கரையிலிருந்தே வந்துள்ளது. கரைவலை இழுக்க அகன்ற, தடையற்ற மணற்பரப்பு வேண்டும். இழுப்பவர் பின்னோக்கி நடக்க அகலமும், நீரோட்டத்தோடு நகர நீளமும் தேவை. அந்த மணற்பரப்பு பல ஊர்களில் குறைந்துவருகிறது.

கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்பதன்று. அலைகள் சாய்வாக மோதுவதால் அது கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காகவும், வடகிழக்குப் பருவக்காலத்தில் வடக்கிலிருந்து தெற்காகவும் மணல் நகர்கிறது. கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. கடலுக்குள் நீளும் துறைமுகச் சுவர் இந்நகர்வைத் தடுக்கிறது. சுவரின் தெற்கே மணல் சேர்கிறது. வடக்கே கரை அரிக்கப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகம் அமைந்தபின் மெரினா அகன்றது. இராயபுரத்துக்கு வடக்கேயுள்ள கரை அரிப்புக்குள்ளானது. 1980-களின் இறுதியில் துறைமுகத் தடுப்புச்சுவர் எழுந்தபின் புதுச்சேரி நகரமும் தன் மணற்கரையை இழந்தது. ஒரு கரையின் அகலம் மற்றொரு கரையின் இழப்பாயிற்று.

அரிப்பைத் தடுக்கக் கருங்கற்கள் கொட்டப்படுகின்றன. தூண்டில் வளைவுகள் அமைக்கப்படுகின்றன. அவை வீடுகளைக் காக்கின்றன என்பது உண்மை. ஆனால், கற்குவியல் உள்ள கரையில் கரைவலையை இழுக்க இயலாது. வலை கல்லில் சிக்கிக் கிழியும். இழுப்பவர்க்குக் கால் ஊன்ற இடமிராது. மணலோடு கயிற்றுக்குரிய இடமும், இடத்தோடு முதியவரின் பங்கும் மறைகின்றன. வரைபடத்தில் சில மீட்டர் குறைந்ததாகத் தோன்றுவது, ஓர் ஊருக்குப் பனிக்கால உணவாக இருந்தது.

ஆள்குறைவும் மற்றொரு காரணம். இளையோர் கல்வி பெற்று வேறு பணிகளை நாடுவது வரவேற்கத்தக்கதே. கயிற்றைப் பற்றும் கைகள் குறைந்தபோது, ஈழத்தின் சில கரைகளில் இழுவை எந்திரம் கயிற்றை இழுக்கத் தொடங்கியது. எந்திரம் விரைவாக இழுக்கும், களைப்படையாது, பங்கும் கேட்காது. நாற்பது பேர்க்குச் சென்றது ஒருசிலர்க்கே செல்லும்.

கடற்கரையைக் காப்பதற்காக 1991-ஆம் ஆண்டு முதல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் வெளியிடப்பட்டுவருகின்றன. கடற்கரையில் ஒரு சுவர் எழுப்புமுன், அங்கே வலை உலர்த்துவோர் யார், படகு நிறுத்துவோர் யார், கயிறு இழுப்போர் யார் எனக் கேட்டறிவது அறமாகும். ஆளில்லாத பொழுதில் வெறும் மணலாகத் தோன்றுவதும் ஓர் ஊரின் தொழிற்களமே.

கடற்கரைக்குக் காற்று வாங்கச் செல்வோர் பகலில் காண்பது மணற்பரப்பு. அதே மணலில் விடியுமுன் பனியில் நனைந்த கயிற்றைப் பற்றி நாற்பது பேர் நிற்கின்றனர். அவர்களுள் வலைக்கு உரியவரும் உண்டு. ஒன்றும் இல்லாதவரும் உண்டு. கயிறு இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. அவர்கள் கால் ஊன்றி நிற்க மணல் வேண்டும். அதனைக் காத்துத் தருவது கரையில் வாழும் அனைவரின் கடமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் பலர் கூடிச் செய்து பயனைப் பகிர்ந்துகொள்ளும் தொழில் ஒன்றைக் கண்டறிந்து, அதன் பங்கீட்டு முறையை முதியோரிடம் கேட்டு எழுதுக.
2. வேலை செய்யும்போது பாடப்படும் பாடல்களைத் தொகுத்து, வேலைக்கும் தாளத்துக்கும் உள்ள தொடர்பை வகுப்பில் விளக்குக.
3. 'கடற்கரையைக் காக்கக் கற்சுவர் தேவை' என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுது
அ) வைகறை ஆ) எற்பாடு இ) மாலை ஈ) யாமம்

2. கரைவலையில் வலைக்கண்கள் மிகச் சிறியனவாக அமையும் பகுதி
அ) மிதவை ஆ) இறக்கையின் புறமுனை இ) மடி ஈ) நெடுங்கயிறு

குறுவினா

1. பனிக்கால வைகறையில் கடல்நீர் வெதுவெதுப்பாக இருப்பது ஏன்?
2. மீன்கூட்டம் இருப்பதை உணர்த்தும் அடையாளங்கள் இரண்டினை எழுதுக.

சிறுவினா

1. பாடு என்னும் சொல் உணர்த்தும் பொருள்களை விளக்குக.
2. 'ஒரு கரையின் அகலம் மற்றொரு கரையின் இழப்பாயிற்று' – இக்கூற்றைச் சான்றுடன் நிறுவுக.

நெடுவினா

1. கரைவலை மீன்பிடிக்கும் கருவி மட்டுமன்று. பகிர்ந்து வாழும் நெறியும் ஆகும் என்பதைப் பாடப்பகுதி கொண்டு விவரிக்க. அந்நெறிக்கு நேர்ந்துள்ள இடர்களையும் தீர்வுகளையும் உம் கருத்தோடு இணைத்து எழுதுக.